மாமனாருக்கு வந்த விறகு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் மாமனார் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு, கூடலூரில் பாதி ஊர் அவர் வீட்டுக்குத் திரண்டு வந்தது. வந்தவர்களை வாசலில் எதிர்கொண்டு, "யாருப்பா போயிட்டாக?" என்று அக்கறையாக விசாரித்தவர்... என் மாமனார்.

பயப்படாதீர்கள். இது பேய்க் கதை இல்லை. விறகுக் கதை.

என் மச்சினன் பாண்டி, துபாயில் ஒரு ஹோட்டலில் பல வருஷம் பீட்சா சுட்டவன். ஊர் திரும்பியதும் வீட்டின் முன்பக்கத்தில் செங்கல்லும் களிமண்ணுமாகப் பெரிய பானையைக் கவிழ்த்த மாதிரி ஓர் அடுப்பு கட்டினான். குமுளி ரோட்டில் நாள் முழுக்கக் காரும் ஜீப்பும் ஓடுகின்றன, அதில் கொஞ்சம் நின்றால் போதாதா? இது பாண்டியின் கணக்கு.

மாமனாரின் கணக்கு வேறு. அந்த முன்பக்கத்தை ஒரு சிமெண்ட் வியாபாரி வாடகைக்குக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார் — ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்தால் கடை. வராவிட்டால் திங்கட்கிழமை சிமெண்ட் மூட்டை இறங்கும், பாண்டி மறுபடி விசா தேடலாம். அதுவரை போனில் மட்டுமே அப்பாவைப் பார்த்திருந்த அவன் மகள், இப்போதுதான் அவன் தோளில் ஏறி உட்காரப் பழகியிருந்தாள்.

அடுப்பு ரெடி. மாவு ரெடி. மதுரையிலிருந்து சீஸ் வந்து ஃப்ரிட்ஜில் உட்கார்ந்துவிட்டது. எந்த விறகு?

இந்தக் கேள்வியை எங்கள் பக்கம் வாய்விட்டுக் கேட்கவே கூடாது. கேட்டோம். பிறந்ததிலிருந்து கேஸ் அடுப்பைத் தவிர எதையும் பற்ற வைத்திராதவர்கள்கூட விறகு விஞ்ஞானிகள் ஆகிவிட்டார்கள்.

பாண்டி பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் ஓக் மரம்தான் வேண்டும் என்றார். விசாரித்ததில் ஏலத்தோட்டத்துக்காரர் ஒருவர் சில்வர் ஓக் தருவதாகச் சொன்னார். அது மிளகுக் கொடி ஏற்றுகிற மரம், பேரில்தான் ஓக். போடியிலிருந்து ஒரு சொந்தக்காரர் இலவ மரத் துண்டுகளை இலவசமாகவே அனுப்பினார். மாவைத் தட்டி முடிப்பதற்குள் அது பேப்பர் மாதிரி எரிந்து அடங்கிவிட்டது. தென்னை மட்டை எரித்தோம். பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த துணியெல்லாம் புகை வாசம் பிடித்து, அந்த அம்மா இன்னும் எங்களோடு பேசுவதில்லை. வேம்பு? மாமியார் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சே அடங்கியது.

காமயகவுண்டன்பட்டியில் என் நண்பர் ஒருவருக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. கவாத்து செய்து வெட்டிப்போட்ட கொடி குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொண்டு போங்கள் என்றார். வீடியோவிலும் திராட்சைக் கொடி வந்ததால் பாண்டி துள்ளினான். கொடிக்கு என்னென்ன மருந்து அடிப்பீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். மயில்துத்தத்தில் ஆரம்பித்துப் பெருமையாக அடுக்கினார்... அதற்கு மேல் பீட்சா மீது தூவ எதுவும் பாக்கி இல்லை.

கடைசியில் மிஞ்சியது நம்ம கருவேலம். சனிக்கிழமை மாலை கம்பத்தில் விறகுக்கடை ராவுத்தருக்கு நானே போன் போட்டேன். நன்றாகக் காய்ந்த கட்டையாக ஒரு வண்டி, காலையிலேயே கூடலூர் மாமனார் வீட்டு வாசலில் இறங்க வேண்டும், தள்ளிப்போட முடியாத காரியம் என்றேன். எல்லாம் உண்மைதானே? எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"நான் பாத்துக்கிறேன். நீங்க மனசத் தளர விடாதீக" என்றார்.

நெகிழ்ந்துவிட்டேன். ஒரு பீட்சா கடைக்கு இவ்வளவு அக்கறையா!

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வீடு கேஸ் வந்த பிறகு எங்கள் பக்கம் வண்டி பிடித்து விறகு வாங்க இரண்டே காரணம்தான். ஒன்று, கல்யாணப் பிரியாணி. அதற்குப் பந்தல் இருக்கும், சீரியல் பல்பு இருக்கும். பந்தல் இல்லாத வீட்டுக்கு விறகு போனால்? யாருக்கு என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை. கிளம்பி வந்துவிடுவார்கள், அவ்வளவுதான். சுடுகாட்டுக்குப் போக வேண்டியதை வீட்டு வாசலில் இறக்கச் சொன்னதைக்கூட ராவுத்தர், பாவம் மனுஷன் துக்கத்தில் தடுமாறுகிறான் என்று எடுத்துக்கொண்டாராம்.

காலையில் குட்டியானை வண்டி வந்தது. கருவேலங்கட்டைக்கு மேலே, நான் கேட்காமலே, ஒரு சாக்கு வறட்டியும் வைக்கோல் கட்டும். டிரைவர் டீக்கடையில் நிறுத்தி வழி கேட்டிருக்கிறார். டீக்கடை வண்டியைப் பார்த்தது. மாமனார் ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்தது டீக்கடைக்குத் தெரியும். போதாதா?

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமியாரை நாலு பெண்கள் கட்டிக்கொண்டு, "ஆத்தா, இப்படி விட்டுட்டுப் போயிட்டாகளே" என்று ஆரம்பித்தார்கள். கோலம் போடுகிற வீட்டில் ஏது சாவு என்று அழுகிற அவசரத்தில் யாருக்குத் தோன்றும்? சத்தம் கேட்டு, பனியனோடு மாமனார் வெளியே வந்தார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மாலைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாக ஒருவர் சமாளித்தார். அவர், அந்தச் சிமெண்ட் வியாபாரி.

ராவுத்தர் சங்கதி வெளியே வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. பொணத்துக்கு வந்த விறகில் கடை திறக்கும் நாளன்றைக்கு அடுப்பைப் பற்ற வைப்பதா என்றார். கூட்டமும் அதுதான் சரி என்று தலையாட்டியது. வேறு விறகும் கையில் இல்லை. பாண்டி இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை மெதுவாக அவிழ்த்தான். அவன் காலைக் கட்டிக்கொண்டு மகள் நின்றாள்.

மாமனார் அவனைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். கட்டைகளைப் பார்த்தார்.

"ஏலே, அந்தத் துணியக் கட்டு. அது எனக்குன்னு வந்த வெறகு. எனக்கு இப்பத் தேவையில்ல. பத்த வை."

உரியவரே சொல்லிவிட்ட பிறகு யார் மறுத்துப் பேச முடியும்?

சாவு வீட்டுக்கு வந்த ஆண்களுக்குக் கை சும்மா இருக்காது. கோடரி வாங்கிக் கட்டைகளைப் பிளந்து தள்ளினார்கள். கருவேலம் நின்று எரிந்தது. துக்கத்துக்கு வருகிறவர்கள் காலையில் சாப்பிட்டுவிட்டா வருவார்கள்? எல்லாரும் கொலைப்பசியில் இருந்தார்கள். மாலைகளைக் கடை போர்டுக்குப் போட்டோம். வாசலில் அத்தனை கூட்டத்தைக் கண்டு தேக்கடி கார்களும் பிரேக் போட்டன. சாயங்காலத்துக்குள் மாவு காலி. சிமெண்ட் வியாபாரி குடும்பத்துக்கும் சேர்த்துப் பார்சல் வாங்கிப் போனார்.

மாமனார் இப்போது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு யார் யார் மாலையோடு வந்தார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. யார் வரவில்லை என்பது அதைவிட அத்துப்படி.

புதன்கிழமை பங்காளி ஒருவர் குடும்பத்தோடு வந்து, பெரிய சைஸில் ஒன்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்.

முதுகுக்குப் பின்னால் கருவேலங்கட்டை கூரை வரை அடுக்கியிருக்க, மாமனார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"வெறகு தீந்துபோச்சு."