அக்கா கழுத்து

என் மகள் வீட்டிலேயே பாசிமாலை கோத்து, போனில் படம் போட்டு விற்கிறாள். நேற்று அவள் எவர்சில்வர் தட்டில் மணிகளைக் கொட்டிய சத்தம் என்னை ரெட்டிபாளையத்து வீட்டுக்கு இழுத்துப்போனது.

அங்கே அம்மாவும் மாலை கோத்து விற்றாள். பக்கத்து ஆலையிலிருந்து வந்து மணிகளில் படியும் சிமெண்டுத் தூசியைத் துடைத்து, நிறம் பிரிப்பது என் வேலை. திருமழபாடித் திருவிழாவில் கடை போட்டால், புது மாலைகளெல்லாம் அக்கா கழுத்தில்தான் ஏறும். அதைப் பார்த்துப் பெண்கள் வாங்க வருவார்கள்.

"எனக்கும் ஒண்ணு போட்டு வுடும்மா" என்றேன் ஒருமுறை.

"அவ கழுத்துக்குத்தான்டி எடுப்பா இருக்கு. நீ பின்னால உக்காரு."

நேற்று அக்கா பூலாம்பாடியிலிருந்து வந்திருந்தாள். "பெரியம்மா, நீங்க போட்டுக்குங்க, போட்டோ எடுக்கணும்" என்ற மகள், வெளிச்சம் காட்ட விளக்கை என் கையில் கொடுத்தாள். பிடித்தேன். பிறகு அதை மெல்ல விலக்கினேன்.

"அம்மா, பெரியம்மா கழுத்துல நிழல் விழுது."

"விழட்டும்" என்றேன்.