மழுங்கிய மூலைகள்

எங்கள் குத்தாலம் வீட்டில் மரச்சாமான்களின் மூலைகள் காணாமல் போகத் தொடங்கியது, சித்தி மருமகளாக வந்த சில மாதங்களில். சித்தப்பா துபாய்க்குத் திரும்பியிருந்தார். முதலில் ஊஞ்சல் பலகை, பிறகு கூடத்து மேஜை, பிறகு கட்டில். எல்லாம் ஆசாரி எங்கள் கொல்லையிலேயே இழைத்துச் செய்த தேக்கு. விரலை வைத்தால் கீறும் அளவுக்கு விளிம்பு கூராக இருப்பதுதான் நல்ல வேலை என்பது எங்கள் குடும்பத்தின் கொள்கை. வந்தவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, அவர்கள் கையை உதறுவதைக் கண்டு அப்பா மகிழ்வார். அந்த விளிம்புகள், யாரோ சப்பிப் போட்டதுபோல வழவழவென்று உருண்டு போயின.

தாலுகா அலுவலகத்தில் இருந்த அப்பா, டார்ச் விளக்குடன் ஸ்தல விசாரணை நடத்தி எலி என்று தீர்ப்பளித்தார். பொறியில் எலியும் விழுந்தது. மூலைகள் தொடர்ந்து மறைந்தன. குற்றவாளி பிடிபட்ட பிறகும் குற்றம் நடப்பதைப் பின்னாளில் என் அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மாவின் விசாரணை வேறு. மதியம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பின், உள்ளறையிலிருந்து சரக் சரக்கென்று ஒரு சத்தம் வந்தது. சித்தியின் கைகால்களில் நீலம் பாய்ந்திருந்தது.

"எங்கடி அடிபட்டுதுன்னு கேட்டா, தெரியலக்காங்கறா. பேசறது அவதானா, இல்ல மோகினியா?" என்றாள் பெரியம்மா. "தம்பி வரட்டும். பொறந்த வீட்டுல கொண்டு விட்டுடச் சொல்றேன்."

"அப்ப உங்க முட்டிவலியும் மோகினி வேலைதானாக்கா?" என்றாள் அம்மா.

சித்தி தலை நிமிராமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஒரு மதியம் சத்தம் கேட்டு நான் உள்ளறைக் கதவைத் தள்ளினேன். வெயிலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். சித்தி அலமாரியின் முன் உட்கார்ந்து, உப்புத்தாளால் அதன் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். கையெட்டும் தூரம்தான்.

"யாரு?" என்றாள், என் முகத்தைப் பார்த்தபடியே.

நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். சற்றுக் காத்திருந்துவிட்டு, விளிம்பை விரலால் தடவி, மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது, தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள், மோதினாலும் காயப்படுத்தாத வீடாக அதை ஆக்கிக்கொண்டிருந்தாள் என்றெல்லாம் இன்று எழுதிவிட முடிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது, சித்தியின் கண்ணுக்குள் சித்தி இல்லை என்பது மட்டும்தான். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

சித்தப்பா விடுமுறையில் வந்தார். பெட்டி திறக்கும் முன்பே பெரியம்மா கூடத்தில் வழக்கைத் தாக்கல் செய்தாள். சித்தி தூணைப் பிடித்தபடி நின்றாள். சித்தப்பா மேஜை மூலையை உள்ளங்கையால் தடவினார். கட்டிலின் மூலையைத் தடவினார். பிறகு அவள் முழங்கையிலிருந்த நீலத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அவ எங்கயும் போகல. சோத்தப் போடுங்க அண்ணி, பசிக்குது."

அன்று மதியம் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சத்தம் வந்தது. இம்முறை இரண்டு. ஒன்று சீராக, மற்றொன்று பழக்கமில்லாத கையின் அவசரத்தோடு.

நான் அம்மாவின் பாயில் போய் ஒண்டிக்கொண்டேன்.

"அம்மா, சித்தப்பாவையும் பிடிச்சிடுச்சும்மா."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அம்மாவையும் பிடித்துவிட்டது என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் முறைக்காகக் காத்திருந்தேன்.