ஆளுக்கு ஒரு தனிப்படம்

என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களில் இரண்டு வகையினரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்தை விட்டுப் போகப்போகும் பிளஸ் டூ பையன்கள் மீசையைக் கொஞ்சம் அடர்த்தியாக்கித் தரச் சொல்வார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் மீசையைக் கொஞ்சம் கருப்பாக்கித் தரச் சொல்வார்கள். செய்து கொடுத்துவிடுவேன். அவர்கள் மாற்றச் சொல்வது தங்கள் முகத்தை மட்டும்தான். குடும்பப் படம் எடுக்கக் கூப்பிடுகிறவர்கள் குடும்பத்தையே மாற்றித் தரச் சொல்வார்கள்.

போன வருஷம் இலுப்பூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயது முடிந்ததற்குப் பிள்ளைகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பெரிய மகன் துபாயிலிருந்தும், சின்ன மகன் திருச்சியிலிருந்தும், மகள் தன் கணவரோடு அன்னவாசலிலிருந்தும் வந்திருந்தார்கள். கேமராப் பையோடு ஒரு பெண் இறங்குவதைப் பார்த்ததும், போட்டோகிராபர் எப்போது வருவார் என்று பெரிய மகன் கேட்டார். வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு விளக்கை மாட்ட ஆரம்பித்தேன்.

எல்லாருக்கும் மயில்கழுத்து நிறத்தில் உடுப்பு. பெரியவருக்கும் அதே நிறத்தில் ஒரு ஜிப்பா. அதை யாரோ கட்டாயப்படுத்தி மாட்டிவிட்டது போல அவர் நின்றார். பெரிய மகன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று பசும்புல்லில் கைகோத்துச் சிரித்துக்கொண்டே நடந்து வருகிறது. அதே மாதிரி வேண்டுமாம், இயல்பாக இருக்க வேண்டுமாம். புல்லுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் அறுப்பு முடிந்த வயலில் தாள்தான் நின்றது. அதையும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

சரி, பேசிக்கொண்டே நடந்து வாருங்கள் என்றேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. மகள்தான் என் காதருகில் வந்து விஷயத்தைச் சொன்னார். தென்னந்தோப்பைப் பிரித்ததிலிருந்து அண்ணன்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. இந்த மாவட்டத்தில் இதற்கெல்லாம் நான் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறேன். ஒருவரை ஒருவர் பார்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடக்கச் சொல்வேன். படத்தில் சத்தம் கேட்காது. அண்ணன் "ஏழு" என்று சொல்லும்போது தம்பி "எட்டு" என்று பல் தெரியச் சொன்னார். அப்படி ஒரு பாசத்தை நான் படம் பிடித்ததே இல்லை.

அந்தப் படம் முடிந்து நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பெரிய மகன் என்னைக் கார் பக்கம் கூட்டிப்போனார். அப்பாவை மட்டும் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும், பின்னால் ஒன்றும் இருக்கக் கூடாது, நேராகப் பார்க்க வேண்டும், தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும் என்றார். எதற்கு இடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாலைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். அவர் போனதும் சின்ன மகன் கிணற்றடியில் மறித்து அதையே சொன்னார். ஃப்ளெக்ஸ் பெரிதாக அடித்தாலும் படம் உடையக் கூடாதாம். பிறகு மகள் வந்தார். அவர் ஒருவர்தான் காரணத்தை வாய்விட்டுச் சொன்னார். அம்மா இறந்தபோது நல்ல படம் எதுவும் அகப்படாமல் ஒரு கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தார்களாம். சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் அம்மாவின் தோளில் யாருடைய விரல்களோ இன்றைக்கும் இருக்கின்றன.

"அண்ணன்களுக்குத் தெரிய வேணாம்க்கா, நான் சொன்னதா," என்று முடித்தார். மூவருக்கும் தலையாட்டினேன்.

வீட்டு ஹாலில் நீலத் துணியைக் கட்டி, முன்னால் ஒரு நாற்காலி போட்டு, பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து நாற்காலியையும் துணியையும் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஆத்தா, மூணு பேரும் தனித்தனியா வந்து ஒன்ட்ட சொல்லிட்டாங்களா?"

நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்ல வேணாம். ஒன்னைய ஓரமாக் கூட்டிட்டுப் போனதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜிப்பாவைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். தான் உட்காரத் தயார். ஆனால் தனக்கு மட்டும் எடுக்கக் கூடாது, அதே நாற்காலியில், அதே துணிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு படம் எடுத்தாக வேண்டும் என்றார்.

"எங்களுக்கு எதுக்குப்பா?" என்றார் பெரிய மகன்.

"எனக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

மருமகன் போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு கேட் பக்கம் நழுவினார். பெரியவர் பழைய தொழில் குரலில், "அங்கிட்டு ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க, வரிசையா வாங்க," என்றார்.

காலையிலிருந்து எல்லாரையும் இயல்பாகச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்த பெரிய மகன் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஊசி போட வந்தவரைப் போல ஆகிவிட்டார். தலைக்கு மேலே இடம் விடட்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. சின்ன மகன் பின்னால் தன் கார் தெரிகிற மாதிரி எடுக்க முடியாதா என்று கேட்டுப் பார்த்தார். துணிதான் என்றார் அப்பா. மகள் நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பொட்டையே அழித்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் கண்ணை நேராகப் பார்த்துப் பட்டனை அழுத்தும்போது நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தது போலிருந்தது. என் வயதுதான் அவருக்கு.

கடைசியில் பெரியவர் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தச் சொன்னேன், கேட்கவில்லை. பிள்ளைகள் மூவரும் எனக்குப் பின்னால் வாடிப்போய் நிற்பதைப் பார்த்துப் பல்செட் முழுக்கத் தெரியச் சிரித்தார். அன்றைக்கு எடுத்ததில் இயல்பான படம் அது ஒன்றுதான். மாலை போட்டு மாட்டுவதற்கு அது கொஞ்சமும் உதவாது.

அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். இன்றும் அவர் துபாய்க்குக் கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் மகனின் திரையில் வருகிறது. அதை மாற்றச் சொல்லிப் பெரிய மகன் என் மூலமாகத் தூது விட்டுப் பார்த்தார். நான் போகவில்லை. எண்ணிக்கொண்டே நடந்த படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள் சொல்கிறார்களாம். அவர்கள் இன்னும் பேசவில்லை.

பிள்ளைகளின் தனிப்படங்களை யாரும் வாங்கிப்போகவில்லை. சில வாரம் கழித்து மகள் போன் செய்தார். தன் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடச் சொன்னார். நினைத்தால் தூக்கம் வரவில்லையாம். உடனே அழித்துவிட்டதாகச் சொல்லி, அண்ணன்களுடையதையும் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்க்கா," என்றார்.