மீதமிருந்த பதினாறு ஸ்லைடுகள்

செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வகப் பதிவேட்டில் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்தபோது பிலோமினாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல் அன்று தாழ்ந்திருந்தது. "அக்கா போயிட்டாங்க சார்."

பிலோமினா ராயபுரத்துக்காரர், எங்கள் ஆய்வகத்தில் பதினோர் ஆண்டுகள் பழ ஈக்களோடு வாழ்ந்தவர். ஈயின் கருவில் நரம்பிழைகள் உடலின் நடுக்கோட்டை எவ்வாறு கடக்கின்றன என்பதே அவருடைய ஆய்வு. கடக்கும் இழை ஒரு முறைதான் கடக்கும். பிறகு நடுக்கோட்டிலிருந்து வரும் ஒரு புரதம் அதை விலக்கிவிடும். தாம் கண்டெடுத்த ஈ வகையில் இழைகள் மீண்டும் மீண்டும் கடந்தன என்று அவர் கருதினார். புதியவர்களுக்கு இப்படி விளக்குவார்: "ரயில்வே கேட்டைத் தாண்டுனது அந்தாண்டயே போய்க்கினு இருக்கணும். இது இன்னாடான்னா தண்டவாளத்தையே சுத்திக்கினு கீது."

ஆய்வேட்டை எழுதும் வேளையில், சிவப்புக் கண் ஈக்கள் மட்டுமே இருக்க வேண்டிய குப்பியில் வெள்ளைக் கண் ஈ ஒன்றைக் கண்டார். உணவு மாற்றும்போது பக்கத்துக் குப்பியிலிருந்து புகுந்துவிட்டது, மாற்றியவரும் அவரே. அதை ஆய்வு வழிகாட்டியான என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

"நசுக்கிப் போட்டிருந்தா உங்களுக்கு இன்னா சார் தெரிஞ்சிருக்கும்?"

கலப்பு எப்போது நேர்ந்தது எனத் தெரியாததால், அந்தக் குப்பியிலிருந்து வந்த ஈராண்டு முடிவுகளையும் தள்ளிவைத்தேன். அவர் வாதிடவில்லை. முதலிலிருந்து தொடங்கினார்.

அந்த இரண்டாம் சுற்றின் நடுவில்தான் இரத்தப் புற்றுநோய் தெரியவந்தது. கருக்களைப் பதித்த கண்ணாடி ஸ்லைடுகளில் எண் மட்டுமே இருக்கும். எது எந்த ஈயின் கரு என்ற பட்டியல் என்னிடம் இருக்கும். பார்ப்பவர் அதை அறியக் கூடாது என்பது விதி. ஒவ்வொன்றிலும் கண்டதைக் குறித்து அவர் தந்த தாள்களைப் பட்டியலோடு நான் ஒப்பிட்டு வந்தேன். பதினாறு ஸ்லைடுகள் மீதமிருந்தபோது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

பார்க்கப் போனேன். தம்பி தலைமாட்டில் நின்றிருந்தார்.

"இதுவரைக்கும் சரியா வந்துகினு கீதான்னு மட்டும் சொல்லுங்க சார். யாராண்ட சொல்லப் போறேன்?"

மீதத்தையும் அவர் பார்த்து முடித்ததும் சொல்கிறேன் என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார். "பாத்தியா, சொன்னேன்ல? மூஞ்சியக்கூட பூட்டி வெச்சிக்கினு கீறாரு."

எனக்கு விடை தெரியும். அவர் குறித்தவை அனைத்தும் பட்டியலோடு பொருந்தியிருந்தன. சொல்லிவிட்டால் விதிப்படி மீதமுள்ளவற்றை அவர் பார்க்க இயலாது. அவர் திரும்பி வரமாட்டார் என்று அவர் எதிரிலேயே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். இவ்விரண்டில் எதற்காக நான் வாய் திறக்கவில்லை என்பதை இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆறாம் நாள் இறந்தார்.

அடக்கத்துக்குப் பின், பட்டியலை அறியாத சக ஆய்வாளர் ஒருவர் அந்தப் பதினாறையும் பார்த்து முடித்தார். அவையும் பட்டியலோடு பொருந்தின. கடைசி ஸ்லைடை நானும் நுண்ணோக்கியில் பார்த்தேன். பழுப்பு நிறச் சாயமேறிய இழைகள் நடுக்கோட்டைக் கடந்து, வளைந்து, மீண்டும் கடந்து கிடந்தன.

சரியாகத்தான் வந்திருக்கிறது, பிலோமினா. போய் வாருங்கள்.