சிவப்புப் பென்சில்

திருவண்ணாமலை கோர்ட்டில் சாட்சிகளை அழவைத்தே பேர் வாங்கிய வக்கீல் நான். அன்று கூண்டேறியவர் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரம்மா. நரைத்த கொண்டை, விரல்களில் சிவப்புப் பென்சில் தூள். எதையும் வரைந்துதான் விளக்குவாராம்.

நிலத்தகராறில் சொந்தத் தம்பியையே குத்திக் கொன்றவர் என் கட்சிக்காரர். கைகலப்பில் கத்தி தவறிப் பாய்ந்துவிட்டது என்பது என் வாதம்.

டாக்டர் சார்ட்டில் இதயத்தை வரைந்தார். அறைகளும் வால்வுகளும் பூவிதழ்போல விரிந்தன. பிறகு அதன் குறுக்கே கறுப்புக் கோடு ஒன்றை இழுத்து, நடுவில் வளைத்தார்.

“தவறிப் பாஞ்ச கத்தி உள்ள திரும்பாதுங்க. குத்திட்டுத் திருகியிருக்காங்க.”

என் கட்சிக்காரர் படத்தையே வெறித்தார். “என் தம்பி நெஞ்சு இவ்ளோ அழகாவாம்மா இருந்துச்சு?”

“நீங்க குத்தறவரைக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு.”

குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். “கேள்வி இல்லை” என்று சொல்லி உட்கார்ந்தேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.