ஸ்டியரிங்குக்கு நூறு மார்க்

அல்போன்ஸ் சார் தம் முப்பது வருட வாத்தியார் வாழ்க்கையில் எந்த மாணவனுக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. விடை சரியாக இருந்தால் வரைபடக் கோடு சாய்ந்திருக்கும். கோடு நேராக இருந்தால் கையெழுத்து சாய்ந்திருக்கும். ஒரு மார்க்கைப் பிடித்துக்கொள்ள அவருக்கு எங்காவது இடம் கிடைத்துவிடும். சாந்தோமில் அவரிடம் கணக்குப் படித்துவிட்டு இப்போது பாங்கில் ஏஜென்டாக இருப்பவர்கள்கூட, தொண்ணூற்றொன்பது வாங்கிய பழைய வயிற்றெரிச்சலோடுதான் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். சொந்த மகள் லூயிசாவுக்கே அறுபத்திரண்டு போட்டவர். அப்பேர்ப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை நூறு போட்டார். அதை வாங்கியது ஒரு காரின் ஸ்டியரிங்.

கார் அவருடையதுதான். 'கொண்டல்' என்று பெயர், அறுபத்தெட்டாம் வருட மாடல். கொண்டல் என்றால் மேகம். எப்போது நிற்கும், எப்போது நகரும், எங்கே ஒழுகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் கம்பெனிக்காரர்கள் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். எழுபத்தொன்றில் தி.நகர் கண் டாக்டர் நாகராஜிடமிருந்து வாங்கினார். வாங்கிய வாரமே எண்பது பக்க நோட்டு ஒன்றைக் கோடு போட்டு, வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் மார்க் போட ஆரம்பித்தார்.

ஹாரனுக்கு இருபது. அழுத்தினால் அடிக்காது, இடது பக்கம் திரும்பினால் தானாக அடிக்கும். வைப்பருக்குப் பத்து. மழை நின்ற பிறகுதான் அதற்கு உற்சாகம் வரும். இடது பின்கதவுக்கு ஐந்து. வண்டி வலது பக்கம் திரும்பினால் அது திறந்துகொள்ளும் என்பதால் அவர் மனைவி டோரதி கதவின் கைப்பிடியில் நைலான் கயிறு கட்டி, மாட்டைப் பிடிப்பதுபோல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். காலையில் கிளப்புவதற்கு முப்பது. தள்ள நான்கு பேர் வேண்டும், அல்லது ஒரு சரிவு வேண்டும். சென்னையில் சரிவுக்கு எங்கே போவது? எழுபத்து மூன்றில் ஜெமினி மேம்பாலத்தைத் திறந்தபோது ஊரே போக்குவரத்து நெரிசல் தீர்ந்தது என்று மகிழ்ந்தது. அல்போன்ஸ் சார் வேறொரு காரணத்துக்காக மகிழ்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கார் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு கூட்டமாக நிற்பார்கள். பிரசங்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

"உங்க வண்டியில கியர் குச்சி கையோட வந்துடுதா சார்?" என்பார் பக்கத்துத் தெரு விக்டர். அவருடையதும் கொண்டல், முந்தின வருட மாடல்.

"மாசத்துக்கு ஒரு தடவைதான்."

"குடுத்து வெச்சவங்க. எனக்கு வாரா வாரம் வருது."

"இருக்கட்டும் விக்டர், ஸ்டியரிங் மட்டும் சொல்லுங்க. என்னுது தங்கம். ஒரு விரலால திருப்பலாம்."

ஒரு விரலால் திரும்புகிறது என்றால் எங்கோ ஏதோ தேய்ந்து போயிருக்கிறது என்று வேறு யாராவது யோசித்திருக்கலாம். அவர் நூறு போட்டார்.

இந்த வண்டியில் அவருக்குப் பிடித்த இன்னொன்றுக்கு நோட்டில் மார்க் இல்லை. முன்கண்ணாடியில் சிவப்புச் சிலுவை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் 'டாக்டர் எஸ். நாகராஜ், தி.நகர்'. வாங்கிய அன்றே சுரண்டியிருக்க வேண்டும். லஸ் முனையில் போலீஸ்காரர் கையைக் காட்டி வழிவிட்டு ஒரு சலாமும் வைத்த அன்று, சுரண்டுவதை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டார். மறுநாள் மூன்று வருடமாக வரவில்லை. ஆர்.சி. புத்தகத்திலும் பெயர் மாற்றவில்லை. போலீஸ்காரர் யாராவது கேட்டால் ஸ்டிக்கரும் புத்தகமும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டுமே! நேர்மையைப் பற்றி வகுப்பில் அரைமணி நேரம் பேசக்கூடியவர், இரண்டு பொய்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் அது கணக்குக்குச் சரி என்று தமக்குச் சொல்லிக்கொண்டார்.

சலாமுக்கு ஒரு விலையும் இருந்தது. ஒருமுறை மந்தவெளி பஸ் ஸ்டாப்பில் தங்கபுஷ்பம் என்ற அம்மாள் மயங்கி விழ, "டாக்டர் வந்துட்டாரு, வழி வுடுங்க!" என்று கூட்டம் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கையைப் பிடித்து, வாட்சைப் பார்த்து, ஒரு நிமிடம் எண்ணினார். "எழுபத்திரண்டு" என்றார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அதற்குள் யாரோ சோடாவை முகத்தில் தெளிக்க, அந்த அம்மாளே எழுந்து உட்கார்ந்து அவரைக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து அவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஸ்டிக்கரையும் சுரண்டவில்லை.

எழுபத்து நான்கு மே மாதம் லூயிசாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துவர மாப்பிள்ளையின் சித்தப்பா தம் பெரிய காரை அனுப்புவதாகச் சொன்னார். வீட்டுக்கும் கோயிலுக்கும் ஏழு நிமிட நடை. ஆனாலும் அல்போன்ஸ் சார் நிமிர்ந்து உட்கார்ந்து, "என் பொண்ணை என் வண்டியில நான் ஓட்டிக்கிட்டு வருவேன்" என்றார்.

லூயிசாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "டாடி, முகூர்த்தப் புடவையோட கயித்தை யாரு பிடிக்கிறது?"

"அம்மா பிடிப்பா."

"நான் அறுபத்திரண்டு மார்க்குதானே? பேசாம நடந்து வந்துடறேனே."

"நீ சும்மா இரு. ஸ்டியரிங் நூறு."

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு டாக்டர் நாகராஜின் பெயர் அச்சிட்ட கவர் ஒன்று தபாலில் வந்தது. அல்போன்ஸ் சாருக்கு வியர்த்துவிட்டது. ஸ்டிக்கர் விஷயம் தெரிந்துவிட்டது, வக்கீல் நோட்டீஸ்தான் என்று முடிவு கட்டினார். படிக்காத கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை என்ற நியாயத்தின்படி அதைப் பிரிக்காமல் பஞ்சாங்கக் காலண்டருக்குப் பின்னால் செருகினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை சுவரைத் துடைத்த டோரதி அதை எடுத்தாள், பிரித்தாள்.

"என்னங்க, இது டாக்டர் எழுதினது இல்ல. கார் கம்பெனி அவருக்கு எழுதினதை அவர் நமக்கு அனுப்பியிருக்கார். அறுபத்தெட்டுல செஞ்ச வண்டிங்கள்ல ஸ்டியரிங்கையும் முன்சக்கரத்தையும் சேக்கிற கம்பி முன்னறிவிப்பு இல்லாம ஒடையலாமாம். உடனே கொண்டாந்தா இலவசமா மாத்திக் குடுப்பாங்களாம்."

அல்போன்ஸ் சார் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். இருபத்து மூன்று குறைகள் உள்ள வண்டியில் கம்பெனிக்காரன் கண்ணுக்குப் பட்டது, அவர் நூறு போட்ட ஒரே உறுப்பு.

"எல்லா வண்டியும் உடையாது டோரதி. நிகழ்தகவுன்னு ஒண்ணு இருக்கு. ஆயிரத்துல ஒண்ணு இருக்கலாம்."

"லூயிசா எத்தனைல ஒண்ணு?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

சாந்தோமிலிருந்து தேனாம்பேட்டையில் இருந்த கம்பெனி ஒர்க் ஷாப்புக்குப் போக அன்று ஐம்பது நிமிடம் ஆனது. நேற்றுவரை ஒரு விரலால் திருப்பியவர் இன்று பத்து விரலாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னார். வழியில் ஒரு மாட்டு வண்டி அவரை முந்தியது.

ஃபோர்மன் வெள்ளைச்சாமி ஸ்டிக்கரைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டான்.

"வாங்க டாக்டர் சார். லெட்டர் போட்டு எம்மாம் நாளாச்சு! ஆர்.சி. புக் கீதா? குடுங்க. நாகராஜ், கரீட்டு. ஓனர் இங்க ஒரு கையெழுத்து போட்டா போதும், சாய்ங்காலம் வண்டி ரெடி."

அல்போன்ஸ் சார் பேனாவைத் திறந்தார். ஒரு கையெழுத்து. மகள் பத்திரமாகப் போவாள், கம்பெனிக்கும் நஷ்டமில்லை, டாக்டருக்கும் தெரியாது. 'எஸ்' என்று இனிஷியலைப் போட்டும்விட்டார்.

வெள்ளைச்சாமி குரலைத் தாழ்த்தினான். "தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டர் சார். எங்க வூட்ல அதுக்கு ஒரு வாரமா கண்ணு செவந்து தண்ணியா ஊத்துது. பக்கத்து வூட்ல சொன்னாங்கன்னு வெங்காயச் சாறு வுட்டுக்கினு கீது. வுடலாமா?"

"ஐயோ, விடாதீங்க!"

"அப்ப இன்னா வுடறது? ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார்."

நாடியை எண்ணிச் சொன்னதுபோல இதற்கும் ஏதாவது எண்ணிச் சொல்ல முடியுமா என்று ஒரு கணம் பார்த்தார். கண்கள் இரண்டு என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பேனாவை மூடினார்.

"நான் டாக்டர் இல்லப்பா. கணக்கு வாத்தியார்."

"இன்னாது? அப்ப கண்ணாடியில எதுக்கு சார் செவப்பு சிலுவை?"

"நான் கத்தோலிக்கன்."

சொன்னது முழு உண்மைதான். அதையும் பொய்யாகத்தான் சொல்ல முடிந்தது.

வெள்ளைச்சாமி திட்டவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் புகுந்து, அவரையும் குனியச் சொன்னான். "கை வெச்சுப் பாரு சார்." விரலில் ஏதோ நெருடியது. கம்பியின் குறுக்கே மயிர் கனத்துக்கு ஒரு கீறல், முக்கால்வாசிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. "இத்தோடயா ஓட்டிக்கினு வந்தே? அடுத்த குழியில வுட்டிருந்தா போய்ச் சேர்ந்திருப்பே."

சாந்தோம் நெடுஞ்சாலையில் கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு குழி உண்டு. நாளைக் காலை பின்சீட்டில் வெள்ளைப் புடவையோடு லூயிசா. அல்போன்ஸ் சார் அந்தக் கீறலை இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

"பார்ட் ஸ்டோர்ல கீது சார். ஓனர் கையெழுத்து இல்லாம வெளிய வராது. இந்த ஃபாரத்தை எடுத்துக்கினு அந்த டாக்டரைப் புடி, போ."

தி.நகர் கிளினிக்கில் கூட்டம். இத்தனை பேர் நடுவே வந்த காரியத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, கம்பவுண்டர் வைரவன் கொடுத்த பத்தொன்பதாம் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் வைரவன் வந்து, "தலையை நிமித்துங்க" என்றான். ஒழுங்குக்குப் பழகியவர், நிமிர்த்தினார். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விழுந்தது. முறைக்குக் காத்திருந்த எல்லோருக்கும் அங்கே அதுதான் வழக்கம்.

முறை வந்தபோது டாக்டர் அவருக்கு ஒரு வெள்ளை மங்கலாகத் தெரிந்தார். அந்த மங்கலிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

"பேர் மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன், அதான் லெட்டரை மட்டும் அனுப்பினேன்" என்றார் டாக்டர். "ஓஹோ, மந்தவெளியில நாடி பார்த்தது நீங்கதானா? அந்த அம்மா ஸ்டிக்கர்ல பேரைப் படிச்சுட்டு இங்க தேடிக்கிட்டு வந்தாங்க. என்னைப் பார்த்துட்டு, 'நீங்க இல்ல, அந்த நல்ல டாக்டரைக் கூப்பிடுங்க'ன்னு ஒரு மணி நேரம் சண்டை. என் கம்பவுண்டர் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்."

"மன்னிச்சுடுங்க டாக்டர். இன்னிக்கே சுரண்டிடறேன்."

"சுரண்டுங்க. எனக்குப் போட்டி வேண்டாம்." கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "கல்யாணம் என்னிக்கு?"

"நாளைக்கு டாக்டர். நான்தான் வண்டி ஓட்டறேன்."

"நீங்களா? சொட்டு மருந்து விட்டாச்சே! கண்பாப்பா விரிஞ்சு கிடக்கு. ரெண்டு நாளைக்கு எதையும் ஓட்டாதீங்க."

ஆக, சாயங்காலத்துக்குள் வண்டி சரியாகிவிடும். ஓட்டுகிறவர் கெட்டுப்போய்விட்டார். பஸ் நம்பரே தெரியாமல், பக்கத்தில் நின்றவரைக் கேட்டுக் கேட்டுத் தேனாம்பேட்டைக்குத் திரும்பினார். கையெழுத்தைக் கொடுத்துவிட்டு, வெள்ளைச்சாமியின் மனைவிக்காகக் கேட்டு வாங்கி வந்திருந்த டோக்கனையும் கொடுத்தார்.

"வெங்காயம் வேண்டாம்னு டாக்டரும் சொன்னார்" என்றார், கொஞ்சம் பெருமையோடு.

மறுநாள் காலை மகளும் அவரும் கோயிலுக்கு நடந்தார்கள். ஏழு நிமிட நடைக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது, அவர் ஒவ்வொரு கல்லிலும் இடறியதால். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அழைத்துப் போனது யார், போனது யார் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம். லூயிசா அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"டாடி, குழி. இந்தப் பக்கம் வாங்க."

கோயிலுக்குத் திரும்பும் இடத்துக் குழி. அவர் நின்று அதைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பூசையில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விக்டர் தோளைத் தொட்டபோது, "சொட்டு மருந்து" என்றார். யாரும் நம்பவில்லை, அவரைச் சேர்த்து.

பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் கொண்டல் நின்றது. வெள்ளைச்சாமி ஓட்டிவந்திருந்தான். ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டிருந்தான்; கண்ணாடியில் மீதி இடமெல்லாம் மங்கியிருந்ததால் சிலுவை இருந்த இடம் மட்டும் சிலுவையாகவே பளிச்சென்று இருந்தது.

"ஸ்டியரிங் இரும்பாட்டம் கீது வாத்தியாரே. மத்ததை நான் தொடல, அதுக்கெல்லாம் லெட்டர் வரல" என்றான். மாப்பிள்ளையும் பெண்ணும் ஏற, அவனே கிளப்பினான். வண்டி வலது பக்கம் திரும்பியது. இடது பின்கதவு திறந்தது. மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்து இழுத்துச் சாத்தினான். நல்ல பையன், யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டான்.

மூன்றாம் நாள் பார்வை தெளிந்ததும் அல்போன்ஸ் சார் நோட்டை எடுத்தார். ஸ்டியரிங்குக்குப் போட்ட நூறை அடித்துத் திருத்த வேண்டும். பக்கத்தைப் புரட்டினால் அது ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே டோரதியின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி:

'ஓட்டுநர்: முப்பத்தைந்து. கருணை மதிப்பெண் சேர்த்து.'

கையெழுத்து சற்றே சாய்ந்திருந்தது. அவர் ஒரு மார்க்கும் பிடிக்கவில்லை.