பேச்சுத் துணைக்கு வாங்கிய டிவி

குடையை மறந்துவிட்டேன் என்பது அறுபத்திரண்டாவது வளைவில்தான் உறைத்தது. கொல்லிமலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கீழிருந்து எண் போட்டிருக்கிறார்கள். இறங்குகிறவனுக்கு எண்கள் குறைந்துகொண்டே போகும். திரும்பி ஏறினால் வீட்டில் குடை இருக்கும். குடை மாட்டிய ஆணிக்குக் கீழே என் மகள் உட்கார்ந்திருப்பாள். நான் திரும்பவில்லை. நனைவது எனக்குப் புதிதில்லை.

பஸ் ஒன்று பக்கத்தில் வந்து மெதுவானது. "ஏனுங்க, ஏறலீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். "இல்லீங்க, நடந்தே வாரனுங்க" என்றேன். நடந்தால்தான் எனக்கு யோசனை ஓடும், உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். ஆறாம் வகுப்பு வாத்தியார் இதையே கொஞ்சம் கடுமையாகச் சொன்னார். அதோடு பள்ளிக்கூடமும் முடிந்தது.

அறுபதாவது வளைவில் அன்னாசிப்பழக் கடை. வெட்டிய பழத்தின் வாசனை ரோட்டின் இந்தப் பக்கம் வரை வந்தது. கடைக்காரப் பெண்ணின் மகளாக இருக்க வேண்டும், மூன்று வயதுப் பிள்ளை ஒன்று தடுப்புச் சுவர் ஓரம் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போக வேண்டும். யோசிக்காமலே கேட்டுவிட்டேன்.

"யாரு ஊட்டு சாமி நீ?"

பிள்ளை தலை தூக்கவில்லை. நான் நின்றேன். அதன் தாய்தான் சிரித்தபடி சொன்னாள்: "செல்லு கையில இருந்தா அதுக்குக் காது கேக்காதுங்க. நீங்க போங்க." நானும் சிரித்துவிட்டு நடந்தேன். அடுத்த வளைவு வரைக்கும் கண்ணில் எதுவும் படவில்லை.

அந்தக் கேள்வியை உங்களுக்கு விளக்க வேண்டும். நான் பிறந்தது இதே மலையில், திண்ணனூர் நாடு என்கிற பகுதியில், ரோடு எட்டாத ஒரு சிற்றூரில். ஊருக்கும் வயல்காட்டுக்கும் ஒற்றையடிப் பாதைதான். களை எடுக்கப் போகிறவர்கள் பிள்ளையைப் பாதையோரம் உட்கார வைத்துவிட்டு வயலில் இறங்குவார்கள். வழியில் இருக்கும் பிள்ளையைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது, போனால் அது வளராது என்பார்கள். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் நின்று, "யாரு ஊட்டு சாமி நீ?" என்று கேட்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். இருந்தாலும் கேட்பார்கள். கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். தலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை இருந்தாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிள்ளை ஏதாவது ஒரு சத்தம் போட்டால் போதும், அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு நகர்வார்கள். நான் ஒரு தடவை ஆட்டைக் கைகாட்டினேனாம். "ஓகோ, ஆட்டு ஊட்டுப் புள்ளயா!" என்று சிரித்திருக்கிறார்கள். மீசை முளைத்த பிறகும் எனக்கு ஊரில் ஆட்டூட்டான் என்றுதான் பேர்.

இப்படித்தான் எங்கள் பிள்ளைகள் பேசக் கற்றன. யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்ததில்லை.

எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. கல்யாணமான பிறகும் போர்வெல் லாரியில் போய்விட்டேன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று அந்த லாரி போகாத ஊர் கிடையாது. புறப்பட்டால் எட்டு மாதம், பத்து மாதம் ஆகும். துளை போடும் ராடு பூமியில் இறங்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனிடமும் கையால்தான் பேச வேண்டும். மகள் பிறந்து ஒரு வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது, என் மனைவி பாப்பாத்தி ஒன்றே ஒன்று கேட்டாள். "ஊட்டுல பேச்சுத் துணைக்கு ஆளில்லீங்க. ஒரு டிவியாவது வாங்கிக் குடுத்துட்டுப் போங்க." நியாயம்தானே. நாமக்கல்லில் பழைய டிவி ஒன்று பிடித்தேன். பின்பக்கம் புடைத்த, கனமான பெட்டி.

அவளுடைய பழைய சேலையில் அதைச் சுற்றித் தலையில் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் வந்தேன். எதிரே செல்லாயி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, எனக்குக் கொழுந்தியா முறை. வாய் சும்மா இருக்காது. வழியை மறித்து நின்று கேட்டாள்: "யாரு ஊட்டுப் புள்ள மாமா இது, இந்தக் கனம் கனக்குது?"

"எங்க ஊட்டுதுதான், வழிய உடு."

"மூக்கு முழியெல்லாம் உங்கள மாதிரியே இருக்குது."

நானும்தான் சிரித்தேன். கழுத்து வலித்தாலும் பெருமையாக இருந்தது. இரண்டு நாளில் டிஷ்ஷும் மாட்டிவிட்டு லாரிக்குப் போய்விட்டேன்.

மகளுக்கு வர்ஷினி என்று பேர் வைத்ததே சீரியல் பார்த்துத்தான். அதுவரை பிள்ளைக்குப் பேரில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவி வந்த பிறகு பிள்ளையைக் காட்டுக்குத் தூக்கிப் போக வேண்டிய வேலை பாப்பாத்திக்கு இல்லாமல் போனது. டிவி முன்னால் வைத்தால் அழாது, நகராது. தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நாலு ஆள் பிடுங்கும் கிழங்கை அவள் ஒருத்தியாகப் பிடுங்கினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டில் ஆண்பிள்ளை இருந்திருந்தால் அவள் ஏன் அப்படி ஓட வேண்டும்?

ஒரு நாள் போனில் சொன்னாள்: "ரெண்டு வயசு தாண்டிருச்சுங்க. இன்னும் பேசலீங்க."

"வசம்பு தேச்சயா?"

"நாக்கு வெந்துபோற அளவுக்குத் தேச்சாச்சுங்க."

"டிவிய இன்னுங் கொஞ்சம் சத்தமா வெய்யி. நாலு பேரு பேசுறது காதுல உழுந்தா தானா பேச்சு வந்துரும்."

இதைச் சொன்னது நான்தான். கூடுதலாகப் பேச்சுக் கேட்டால் பிள்ளை பேசும் என்பதுதானே எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பாதையில் கேள்விக்குப் பிறகு ஆட்கள் காத்து நின்றார்கள் என்பது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

சத்தமாக வைத்ததில் இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் தாழ் போட்ட வீட்டில் பிள்ளைக் குரல் கேட்டால் போகிற யாராவது கதவைத் திறந்து, இடுப்பில் தூக்கிவந்து காட்டில் தாயிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பின்னால் செல்லாயி சொன்னாள்: "தெனம் அந்த வழியாத்தான் போனோம் மாமா. உள்ள நாலஞ்சு பேரு பேசுற சத்தம். ஒரம்பரை வந்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டோம்."

"பத்து மாசமாவா விருந்தாளி இருப்பாங்க?" என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அந்தத் தடவை இரண்டு வருடம் இழுத்துவிட்டது, பிள்ளைக்கு மூன்று வயதானபோதுதான் ஊருக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குரல் வந்தது. "வந்துட்டீங்களா! காபி ரெடி!"

என் மகள்தான். பளிச்சென்ற பட்டணத்துப் பேச்சு. மடியில் அள்ளிக்கொண்டேன். "பேசுறாளே பாப்பாத்தி, பேசலேன்னு சொன்னயே!" என்று கத்தினேன். பாப்பாத்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கோழி ஒன்று உள்ளே நுழைந்தது. "வந்துட்டீங்களா! காபி ரெடி!" என்றாள் பிள்ளை. சுவரைப் பார்த்தும் அதையே சொன்னாள். எங்கள் வீட்டில் காபித்தூள் வாங்கியதே கிடையாது. டிவியில் ஓடிய விளம்பரம் அது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கத் தெரியாது. டிவியை நிறுத்தினேன், தரையில் தலையை முட்டிக்கொண்டாள், தடுத்த என் கையைக் கடித்தாள். மறுபடி போட்டேன். அந்த நொடியே அடங்கிவிட்டாள். அவள் அடங்கிய வேகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனோம். காது நன்றாக இருக்கிறது என்றார். டிவிதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. பிறவியிலேயே இருந்திருக்கலாம், டிவி அதைக் கூட்டியும் இருக்கலாம் என்றார். பிறகு, "நாள்ல எவ்வளவு நேரம் இவகூடப் பேசுவீங்க?" என்று கேட்டார். பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

டிவியை அணைத்து அதே சேலையைப் போட்டு மூடினேன். பிள்ளையைத் தினமும் பாதையோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் கேட்டார்கள், மூட்டையோடு நின்றார்கள். முதல் பதினைந்து நாள் அவள் ஆட்களின் முகத்தையே பார்க்கவில்லை. சிலர், "நேரமாவுதுங்க" என்று போய்விட்டார்கள். செல்லாயி மட்டும் ஒரு நாளும் பதில் வராமல் நகர்ந்ததில்லை, பிள்ளையிடமிருந்து ஓர் இருமலாவது வர வேண்டும் அவளுக்கு. ஐம்பது நாள் இருக்கும். ஒரு காலையில் மிளகுக் கூடையோடு வந்து நின்று கேட்டாள். "யாரு ஊட்டு சாமி நீ?"

வர்ஷினி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முட்டியில் கையை வைத்து, "அப்பா" என்றாள்.

செல்லாயி கூடையைப் போட்டுவிட்டாள். பாதை முழுக்க மிளகு. பொறுக்கிக்கொண்டே அழுதாள், என்னையும் திட்டினாள்: "மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க, பொறுக்குங்க மாமா!"

நான்காம் நாள் லாரி முதலாளியிடமிருந்து போன் வந்தது. ஆள் இல்லை, உடனே வா என்றார். வீட்டில் வறுமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மலையிலேயே வேலை கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னால், ஐம்பது நாள் ஒரே பாதையில் உட்கார்ந்ததில் என் கால்கள் அரிக்கத் தொடங்கியிருந்தன. "ஒரு மாசத்துல வந்துருவேன் கண்ணு" என்று மகளிடம் சொன்னேன். பதினோரு மாதம் ஆனது. தனியாளாகப் பாப்பாத்தி எத்தனை நாள் பாதையில் உட்காருவாள்? சேலையை எடுத்துவிட்டு டிவியைப் போட்டுவிட்டாள்.

அந்தப் பதிலை வர்ஷினி பிறகு யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. ஊர் வரைக்கும் ரோடு வந்துவிட்டது. ஒற்றையடிப் பாதையில் புல் மூடிவிட்டது, வேலைக்குப் போகிறவர்கள் டெம்போவில் போகிறார்கள். பழைய பெட்டி போய்ச் சுவரில் மாட்டுகிற டிவி வந்திருக்கிறது. மூன்று வருடம் கழித்து, குடையை மறந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் தலை திருப்பாமல், "வந்துட்டீங்களா! காபி ரெடி!" என்றாள். அந்த விளம்பரம் டிவியிலிருந்து மறைந்து எத்தனையோ வருடமாகிறது. இவள் ஒருத்தி வாயில்தான் மிச்சம். பாப்பாத்தி என்னைப் பார்த்து, "சோறு போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன். விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

கீழே, மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளிக்கு வந்தபோது வழியில் பிடித்த மழையில் முழுக்க நனைந்திருந்தேன். அன்றைக்கு ஒரு லாரி ஷெட்டில் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கிழங்கு மில் ஒன்றில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தூருங்க? யாரு ஊடு?" என்றார், நிமிராமலே.

"மேல மலைங்க, திண்ணனூர் நாடு. பாப்பாத்தி ஊடுங்க. ஒரு புள்ள..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டித் தோல் உரிக்கும் மிஷினைக் காட்டிவிட்டார். மலையிலிருந்து வந்த லாரியிலிருந்து ஈர மண்ணோடு கிழங்கு இறக்கியிருந்தார்கள். மிஷின் ஓடத் தொடங்கியதும் ஒன்றும் கேட்கவில்லை. கூடையை எடுத்து அள்ளிப் போட ஆரம்பித்தேன்.